கல்லும் கணக்கும் – 7: களியக்காவிளையைத் தாண்டும் மலை

திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரஹாரத்தில் ஓட்டு வீடொன்றை இடித்துத் தளம் போட்டுக் கட்டினால், ஒவ்வொரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கும் சுமார் எட்டு மூட்டை சிமெண்ட், முக்கால் டன்னை நெருங்கும் மணல், ஒன்றேகால் டன் ஜல்லி வேண்டும். மரத்தோடும் ஓட்டோடும் நின்ற தெருக்கள் இப்படித்தான் பாறையைத் தின்னத் தொடங்கின. உலோகமல்லாத கனிமங்களில் பெரும்பங்கு இந்த மணலும் ஜல்லியும்தான்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 1970-ல் உலகம் தோண்டிய இவ்வகைக் கனிமங்கள் சுமார் 900 கோடி டன்; 2017-ல் 4,400 கோடி டன். ஏற்றத்தில் பெரும்பகுதி ஆசியாவுடையது, அதிலும் சீனாவுடையது. 2020-ல் சீனா உற்பத்தி செய்த சிமெண்ட் ஏறத்தாழ 240 கோடி டன், உலக உற்பத்தியில் பாதிக்கு மேல். ஏறக்குறைய அதே மக்கள்தொகை கொண்ட இந்தியா அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

நாடுகளை ஒப்பிடும் சூத்திரம் எளிது: உள்நாட்டில் தோண்டியதோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழிக்க வேண்டும். ஆனால், சிங்கப்பூரைப் பாருங்கள். கடலைத் தூர்த்து, 1960-களில் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நிலத்தை 730-க்கு மேல் வளர்த்தது. மணல் விற்ற மலேசியா 1997-லும் இந்தோனேசியா 2007-லும் கம்போடியா 2017-லும் கதவைச் சாத்தின. கம்போடியாவிலிருந்து பத்தாண்டுகளில் 7 கோடி டன்னுக்கு மேல் வந்ததாகச் சிங்கப்பூர் பதிந்திருக்கிறது. அனுப்பியதாகக் கம்போடியா காட்டியதோ 30 லட்சம் டன்னுக்கும் குறைவு. இடையில் காணாமல் போனது கம்போடியக் கடலோர மீனவர்களின் ஆற்று முகத்துவாரம்.

அங்கே முரண்பாட்டைக் காட்டவாவது இரண்டு பதிவேடுகள் இருந்தன. நம் பக்கத்தில் அதுவும் இல்லை. பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்துக்கான பாறை பக்கத்துத் திருமலையிலிருந்தே வந்தது. இன்று திருவனந்தபுரத்துக்கான ஜல்லியும் எம்-சாண்டும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து டாரஸ் லாரிகளில் மாநில எல்லையான களியக்காவிளை வழியே போகின்றன. 2015 டிசம்பரில் பணி தொடங்கிய விழிஞ்ஞம் துறைமுகத்தின் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அலைதடுப்புச் சுவர், பாறை போதாமல் தாமதப்பட்டது. தமிழ்நாட்டுக் குவாரிகளிலிருந்தும் கல் போனது.

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவனந்தபுரத்தோடு ஒரே ஆட்சியில் இருந்தவை. இன்று மாநில எல்லையைத் தாண்டும் கல், தேசியக் கணக்கில் அசையவே இல்லை. இந்தியா தோண்டியது, இந்தியா பயன்படுத்தியது, அவ்வளவுதான். வெடிவைத்த அதிர்வில் சுவர் விரிசல் விட்ட வீடும், தூசி படிந்த ரப்பர் தோட்டமும் ஒரு பக்கம். துறைமுகமும் அடுக்குமாடியும் மறுபக்கம். தலைக்கு இத்தனை டன் என்ற சராசரி இரு பக்கத்தையும் சமமாக்கிவிடுகிறது. இதை நான் ஏற்க மாட்டேன்.

தகவல் இல்லாமலில்லை. லோடுக்கு லோடு குவாரியில் நடைச்சீட்டு எழுதுகிறார்கள். எடைமேடையில் ரசீது தருகிறார்கள். இரு மாநிலச் சுரங்கத் துறைகளும் அவற்றை ஒன்றாக வைத்துக் கூட்டி, எந்தத் தாலுகா எத்தனை டன் இழந்தது, எந்த நகரம் எத்தனை டன் பெற்றது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

(தொடரும்)