157 நானோமீட்டரில் மாட்டிக்கொண்ட படிகம்

போன எபிசோட்ல சிப் மேல டிசைனை ஒளியால எப்படி அச்சிடுறாங்கன்னு பார்த்தோம். இன்னைக்கு அந்த மெஷினோட லென்ஸ் பத்தி, குறிப்பா அந்த லென்ஸுக்கான படிகத்தை அளந்தப்போ கிளம்பின ஒரு பிரச்சினை பத்தி.

2000 வாக்கில் சிப் துறை 193 நானோமீட்டர் லேசரிலிருந்து 157க்குப் போகத் திட்டம் போட்டிருந்தது. அலைநீளம் குறைஞ்சா இன்னும் பொடிசா அச்சிடலாம். ஆனா 157 ரொம்ப முரண்டு பிடிக்கிற ஒளி. காத்துல இருக்கிற ஆக்சிஜனே அதை உறிஞ்சிடும். பாதை முழுக்க நைட்ரஜன் நிரப்பணும். வழக்கமான சிலிக்கா கண்ணாடியும் அதை விடாது. லென்ஸுக்குக் கைகொடுத்தது கால்சியம் ஃபுளோரைடு படிகம்தான்.

அது கனசதுரப் படிகம். காலேஜ்ல நாம படிச்சபடி, கனசதுரப் படிகத்துல ஒளி எந்தத் திசையில, எந்த போலரைசேஷன்ல போனாலும் ஒரே வேகம். படிகம் வளரும்போது உள்ளே தங்குற அழுத்தம் மட்டும் இதைக் கெடுக்கும், ஆனா அதைச் சூடாக்கி மெதுவா ஆறவிட்டுக் குறைக்கலாம். துறையோட இலக்கு சென்டிமீட்டருக்கு சுமார் 1 நானோமீட்டர்.

2001ல அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகத்தில் ஜான் பர்னெட் குழு இதை அந்த அலைநீளத்திலேயே அளந்து பார்த்தது. 193ல 3 நானோமீட்டர் சொச்சம். 157ல சுமார் 11! அதாவது, சில திசைகள்ல ஒரு சென்டிமீட்டர் கடக்கிறதுக்குள்ள ஒரு போலரைசேஷன் இன்னொண்ணைவிட 11 நானோமீட்டர் பின்தங்கிடுது. படம் மங்கிடும். இது படிகத்தோட பிறவிக்குணம், சூடாக்கினாலும் போகாது.

காரணம் சிம்பிள். லாரி டயருக்குத் தெரியாத குழி ஸ்கேட்டிங் சக்கரத்துக்குத் தெரியும். அலைநீளம் சுருங்கச் சுருங்க அணு அடுக்கோட அமைப்பு ஒளிக்குத் தட்டுப்பட ஆரம்பிக்குது. இப்படி ஒரு விளைவு இருக்கும்னு லோரென்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். (லோக்கல்ல ஓடுற கோடு ப்ரொடக்‌ஷன்ல விழுற மாதிரிதான். கண்ணுக்குத் தெரியிற ஒளியில மட்டும் சோதிச்சா இது பெருசா தெரியாது.)

தீர்வும் கிடைச்சது: வெவ்வேறு திசையில வெட்டின படிகங்களைத் திருப்பி வெச்சா ஒண்ணோட பிழையை இன்னொண்ணு ஈடுகட்டும். லென்ஸ் டிசைன்தான் சிக்கலாச்சு. 2003ல இன்டெல் 157ஐக் கைவிட்டது. இந்த ஒரு அளவீடுதான் அதைக் கொன்னுச்சுன்னு சொல்றது மிகை. படிகத்தோட தட்டுப்பாடு, செலவுன்னு தலைவலி நிறைய. கூடவே 193 லென்ஸுக்குக் கீழே தண்ணி நிரப்புற யோசனை வந்துடுச்சு. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.44, அதுக்குள்ள 193, 134 ஆகிடும். 157ஐவிடச் சின்னது, அதுவும் பழைய லேசரை வெச்சே.