ஹிமா: மேய்ச்சல் நிலமும் நீதியும்

'ஹிமா' என்னும் அரபுச் சொல் 'காக்கப்பட்ட இடம்' எனப் பொருள்படும். இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபு மண்ணில் இச்சொல் ஆதிக்கத்தையே நினைவூட்டியது. வலிமை மிக்க குலத்தலைவன் மேட்டு நிலமொன்றில் தன் நாயைக் குரைக்கச் செய்வான்; அவ்வோசை எட்டும் தொலைவு வரையுள்ள புல்வெளி அவனுக்கே உரியதாகிவிடும். ஏனையோர் அங்கே தம் கால்நடைகளை மேய்க்கலாகாது. அவனோ பொது நிலத்திலும் பங்கு கொள்வான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே உரியது என அறிவித்து, தனி மனிதரின் அதிகாரச் சின்னமாயிருந்ததைப் பொதுநலனுக்கான அமானிதமாக மாற்றினார்கள். மதீனாவை அடுத்த அந்-நகீஃ பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் குதிரைகளுக்கெனக் காக்கப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இந்நெறியை மேலும் விரித்தார்கள். ஹிமாவின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஹுனை என்பவருக்கு அவர்கள் வழங்கிய அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களோ சில ஆடுகளோ மட்டுமே உடையவர்களை உள்ளே அனுமதிக்க வேண்டும். உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவர் பிள்ளைகளுடன் ஆட்சியாளரிடம் வந்து நிற்பார். அவருக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்று உமர் (ரலி) காரணமும் கூறினார்கள். மேய்ச்சல் நிலத்தை நிர்வகிப்பதில் முதற் கேள்வி புல்லைப் பற்றியதன்று. அப்புல் யாருக்கு என்பதே என்னும் தெளிவு இதிலுண்டு.

இனிப் புல்லின் இயல்பைக் காண்போம். மேயப்பட்ட செடி, எஞ்சிய இலையைக் கொண்டும் தன்னில் சேமித்த சத்தைக் கொண்டும் மீண்டும் துளிர்க்கிறது. அது தேறுமுன் மறுபடியும் கடிக்கப்பட்டால் வேர் சுருங்கும். ஆடுகள் சுவையான செடிகளையே முதலில் நாடுவதால் அவை அழிந்து, முள்ளும் கசப்புச் செடிகளும் பெருகும். மண் வெறுமையாகி இறுகும். பெய்த மழை உள்ளிறங்காமல் வழிந்தோடும். ஆகவே நிலத்துக்கு வேண்டியது அளவான மேய்ச்சலும் போதிய ஓய்வும் ஆகும். ஆடும் மாடும் முறையாகக் கலந்து மேய்வதும் நன்மை தரும். மாடு நாவினால் உயர்ந்த புல்லைச் சுற்றி இழுக்கும். ஆடு தரையொட்டிக் கறிக்கும். ஓரினத்தைத் தாக்கும் குடற்புழுக்களுள் பல மற்றதில் வளர்வதில்லையாதலால், நோயும் குறையும்.

அரபு நாட்டுக் குலங்கள் இவ்வுண்மையைப் பட்டறிவால் அறிந்திருந்தன. அவர்களுடைய ஹிமாக்கள் பலவகை. சிலவற்றில் மேய்ச்சல் கூடாது. வறட்சியில் புல்லை அறுத்துச் செல்லலாம். சிலவற்றில் செடிகள் பூத்து விதை விழுந்த பின்னரே மந்தை நுழையும். வேறு சிலவற்றில் ஆண்டு முழுவதும் மேய்ச்சல் உண்டு. ஆயினும் கால்நடைகளின் வகைக்கும் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. தேனீக்களுக்காகப் பூக்காலத்தில் மூடப்படுவனவும், மரங்களைக் காப்பனவும் இருந்தன.

1953இல் சவூதி அரேபியாவில் வெளியான அரச ஆணை, ஹிமாக்களை எல்லார்க்கும் திறந்துவிட்டது. குலங்களின் தனியுரிமையை நீக்குவது நல்ல நோக்கமே. எனினும் உரிமையோடு பொறுப்பும் நீங்கிற்று. காவலற்ற புல்வெளி விரைந்து அழிந்தது. பின்னர் லாரிகளில் நீரும், பல அரபு நாடுகளில் மானிய விலையில் வாற்கோதுமையும் வந்தன. வறட்சியில் மந்தை தானே குறையும் இயற்கைத் தடை அகன்றது. நிலம் தாங்கவியலாத எண்ணிக்கையில் ஆடுகள் பெருகின.

இவ்விழப்பை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் எகிப்திய மேய்ச்சல் நில அறிஞர் உமர் தர்ராஸ். அவருடைய ஆலோசனையின் பேரில் சிரியாவில் 1960களின் இறுதி முதல் ஹிமா கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மேய்ச்சல் உரிமை இடையர் குழுக்களுக்கு வழங்கப்பட்டது. வறட்சிக்கெனத் தீவனம் சேமிக்கப்பட்டது. ஆடுகளைக் கொழுக்க வைக்கும் சங்கங்கள் புல்வெளியின் சுமையைக் குறைத்தன. லெபனானில் 2004 முதல் சில ஊர்களில் ஹிமா மீட்கப்பட்டது. ஜோர்தானின் ஸர்கா ஆற்று வடிநிலத்தில் பனீ ஹாஷிம் மக்களிடம் நிலம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களே காத்தபோது உள்ளூர்ச் செடிகள் மீண்டும் தழைத்தன.

மந்தையைக் குறைத்தால் வருவாய் குறையாதா என்று வினவலாம். நியூசிலாந்தின் பட்டறிவு இங்கு எண்ணத்தக்கது. அங்கே 1982இல் ஏறத்தாழ 7 கோடி ஆடுகள் இருந்தன. இன்று மூன்று கோடிக்கும் குறைவே. பால்பண்ணையும் காடு வளர்ப்பும் ஆட்டு நிலங்களில் ஒரு பகுதியைக் கொண்டன. எனினும் இறைச்சி உற்பத்தி அதே விகிதத்தில் சரியவில்லை. தேர்ந்த இனப்பெருக்கமும் நன்கு பேணிய புல்லும் ஒவ்வோர் ஆடும் ஈனும் குட்டிகளைக் கூட்டின. குட்டியின் எடையையும் உயர்த்தின. ஈரமிக்க அந்நாட்டின் முறை பாலைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எண்ணிக்கை பெருகுவது வேறு, பயன் பெருகுவது வேறு என்னும் பாடம் எங்கும் பொருந்தும்.

குர்ஆன் 'மீஸான்' எனக் குறிப்பிடும் சமநிலை, மேய்ச்சல் நிலத்தில் இரு தட்டுகளாய் அமைகிறது: புல் தாங்கும் அளவு ஒன்று, எளியவரின் உரிமை மற்றொன்று. ஒன்றைக் காக்க மற்றொன்றைத் துறந்த ஏற்பாடு நீடித்ததில்லை. வேலியை இடுவது எளிது. அவ்வேலிக்குள் முதலில் யாருடைய ஆடு நுழைய வேண்டும் என்று முடிவு செய்வதே கடினம். உமர் (ரலி) அக்கடினமான வினாவிலிருந்தே தொடங்கினார்கள்.