கதவடைத்த நாள்களில் இல்லறம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்று இத்தாலி நாட்டைக் கடுமையாகத் தாக்கியது. மக்கள் கூடும் வழிபாடுகள் நிறுத்தப்பட்டன. நாள் குறித்திருந்த மணமக்கள் பலர் காத்திருக்க நேர்ந்தது. 2019இல் 1,84,088 திருமணங்கள் நடைபெற்ற அந்நாட்டில், 2020இல் நடைபெற்றவை 96,841 மட்டுமே. கோவில் திருமணங்களோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. ஆயினும் 2021இல் திருமணங்களின் மொத்த எண்ணிக்கை மீண்டும் 1,80,416 ஆயிற்று. தொற்று திருமணத்தைத் தள்ளிப்போட்டது. திருமண ஆசையை அழித்துவிடவில்லை.

மணமுடித்தோர் நிலை யாது? இரவும் பகலும் ஒரே வீட்டில் அடைபட்ட தம்பதியரிடையே மணவிலக்குப் பெருகும் எனப் பலர் அஞ்சினர். நடந்ததோ வேறு. 2020இல் மணவிலக்குகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து 66,662 ஆயின. இது கண்டு மகிழலாமா? அவசரப்படலாகாது. நீதிமன்றப் பணிகள் முடங்கியிருந்த காலம் அது. மறு ஆண்டே மணவிலக்குகள் 83,192 ஆக உயர்ந்தன.

வேறொரு கணக்கும் உண்டு. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கென அங்கே இயங்கும் 1522 என்னும் உதவி எண்ணுக்கு 2020இல் வந்த அழைப்புகள், முந்திய ஆண்டைவிட 79.5 விழுக்காடு மிகுந்திருந்தன. வழக்கு மன்றம் அமைதியாயிருந்ததால் வீடும் அமைதியாயிருந்தது எனக் கொள்வதற்கில்லை.

ஒரே கூரையின்கீழ் இருப்பது வேறு. ஒன்றித்து வாழ்வது வேறு. வேலையும் வெளியுலகமும் மூடி மறைத்திருந்த விரிசலை அடைத்த கதவு வெளிப்படுத்தியது. அவ்வாறே, அன்பு வேரூன்றிய இல்லங்களில் அதே கதவு தம்பதியரை மேலும் நெருங்கச் செய்தது.

அடிபட்டும் வாய்மூடிக் கிடப்பதே பொறுமை என்று யாரும் எண்ண வேண்டாம். திருமணப் பிணைப்பு முறிவுபடாதது என்பது நம் விசுவாசம். எனினும், துணைவர் ஒருவரால் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பேராபத்து விளையுமாயின், பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் எண் இடமளிக்கிறது. அத்தகையோர் தயக்கமின்றிப் பங்குத் தந்தையையும் சட்டத்தின் உதவியையும் நாடலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 டிசம்பர் 26ஆம் நாள், திருக்குடும்பத் திருவிழாவன்று, உலகத் தம்பதியருக்கு ஒரு மடல் வரைந்தார். தொற்றுக் காலத்தின் துயரங்களை அதில் அவர் மறைக்கவில்லை. அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்பு வேண்டல் ஆகிய மூன்றையும் மறவாதீர் என்றார். சமாதானம் செய்துகொள்ளாமல் உறங்கச் செல்ல வேண்டாம் எனவும் கேட்டுக்கொண்டார்.

அன்பார்ந்த தம்பதியரே, மூடிய கதவுகள் திறந்து ஆண்டுகள் பல ஆயின. ஆனால் நோய், கடன், வேலையிழப்பு, முதுமை என்னும் வடிவங்களில் நெருக்கடி எந்த இல்லத்தையும் தட்டும். அந்நாள் வந்தபின் அன்பைத் தேடுவது அரிது. இன்றிரவு செபமாலை முடிந்ததும் சிறிது நேரம் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுங்கள். குறை கூறுவதற்கு முன் நன்றி கூறுங்கள். நம் இல்லத் திருச்சபைக்கு அடித்தளம் அங்கேதான் இடப்படுகிறது.