செவிலியம் கற்கும் கதை – 9: பொம்மை கேட்ட கேள்வி

ஊசி போடவும் ரத்தம் எடுக்கவும் நர்சிங் மாணவிகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். கை பழகிவிடும். பரிவு? அதை வகுப்பில் கற்றுத்தர முடியுமா?

நர்சிங் பள்ளிக்குள் பொம்மை நுழைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை நர்சிங் பள்ளிக்காக, குழந்தைகளுக்குப் பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் உடை மாற்றவும் மாணவிகள் அதில் பழகினார்கள். ‘மிஸஸ் சேஸ்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 1960-ல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டல், மூச்சு ஊதி மார்பை அழுத்திப் பழகுவதற்கென்று ‘ரெசஸி ஆன்’ பொம்மையைக் கொண்டுவந்தார். இன்றைய பொம்மைக்கு நாடி துடிக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, கண் இமைக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து ஆசிரியர் மைக்கில் பேசினால், பொம்மை பேசுகிறது.

பரிவுக்கான பாடம் அந்தக் குரலில்தான் தொடங்குகிறது. மூச்சுத் திணறும் நோயாளியாகப் பொம்மை படுத்திருக்கிறது என்று வையுங்கள். உள்ளே வரும் மாணவியின் கண் நேராக மானிட்டருக்குப் போகும். ஆக்சிஜன் அளவைப் பார்ப்பாள், மாஸ்க் மாட்டுவாள், டாக்டருக்குச் சொல்லி அனுப்புவாள். எல்லாம் சரி. அப்போது பொம்மை கேட்கும்: “சிஸ்டர், நான் செத்துடுவேனா?” மாணவி வாயடைத்து நிற்பாள். இல்லாவிட்டால், “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பிறகு எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். இதை டீப்ரீஃபிங் என்கிறார்கள். நல்ல ஆசிரியர் இங்கே தப்பு கண்டுபிடிக்க மாட்டார். “அந்தக் கேள்வி வந்தபோது உன் மனதில் என்ன ஓடியது?” என்று கேட்பார். பயந்துபோனதையும் என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்ததையும் மாணவி சொல்லச் சொல்ல, அடுத்த முறை கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கா? நான் பக்கத்திலேயே இருக்கேன்” என்று சொல்லலாம் என்பது அவளுக்கே தோன்றும்.

1963-ல் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி மருத்துவ மாணவர்கள் முன் உட்கார வைத்தார். அந்த வழி நர்சிங்குக்கும் வந்தது. “நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை” என்று நடித்தவரே எதிரில் இருந்து சொல்லும்போது சுருக்கென்று தைக்கும்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் பாட்ரீஷியா டீகன். பதின்வயதில் மனச்சிதைவு நோய் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்; பின்னாளில் உளவியலாளர் ஆனார். அவர் உருவாக்கிய பயிற்சியில், மாணவர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள வேண்டும். திட்டும் குரல்களும் முணுமுணுப்பும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், வெளியே போய் முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டும். ‘சொன்னதைக் கேட்கவே மாட்டேன் என்கிறார்’ என்று மனநல வார்டில் ஒரு நோயாளியைக் குறை சொன்ன மாணவிக்கு, அவர் ஏன் கேட்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளில் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வு, வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனில், அதாவது இப்படிப் பொம்மையோடும் நடிப்பவரோடும் பழகும் பயிற்சியில், நடத்தினாலும் திறமை குறைவதில்லை என்று கண்டது. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான டீப்ரீஃபிங்கும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்திலும் சிமுலேஷன் இடம்பெற்றிருக்கிறது. நல்லது. ஆனால் விலை உயர்ந்த பொம்மையை வாங்கிக் கண்ணாடி அறையில் பூட்டிவைத்தால் ஒரு பயனும் இல்லை. மகளையோ மகனையோ நர்சிங்கில் சேர்க்கப் போகும் பெற்றோர்களே, பொம்மை எத்தனை இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஆசிரியர் இருக்கிறாரா, அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

(தொடரும்)