நம்ம அரிசிப் பைக்கு ஒரு பேரு

எங்க மாப்பிள்ளைச் சம்பாவை ஒருமுறை வாங்கினவங்க, அடுத்த தடவை பையில இருக்கிற பேரைச் சொல்லித்தான் கேட்கிறாங்க. அதே பேரை வேறொருத்தர் அச்சடிச்சு, ரசாயனம் போட்டு விளைஞ்சதை அடைச்சு வித்தா? அதைத் தடுக்கத்தான் டிரேட்மார்க் பதிவு.

'மாப்பிள்ளைச் சம்பா', 'இயற்கை அரிசி' என்று மட்டும் கேட்டால் பதிவு கிடைக்காது. ரகத்தின் பேர் எல்லோருக்கும் பொது. அது நியாயம்தான்; ஒருத்தரே வளைச்சுப் போட்டா மத்த விவசாயி எங்க போவார்? தோட்டத்துப் பேரோ, நாமே உண்டாக்கின பேரோ வைக்கணும்.

டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் ஒரே மாதிரி ஒலிக்கிற பேர் ஏற்கெனவே இருக்கா என்று முதலில் தேடினேன். அதற்குக் காசில்லை. அடுத்து வகுப்பு: அரிசி, மாவு, தேன், வெல்லம் 30, நல்லெண்ணெய், நெய் 29, விதைநெல், பச்சைக் காய்கறி 31. தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. நான் 30-க்கு மட்டும் கட்டினேன். எண்ணெய் பிறகு பார்த்துக்கலாம்.

ஆய்வு முடிந்து அவர்களுடைய இதழில் வெளியானதும் 4 மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதுவரை பையில் 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவுக்குப் பிறகுதான், முன்னாடியே போடக் கூடாது. பழைய பில், பை அச்சடிச்ச ரசீது எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. எப்போதிலிருந்து அந்தப் பேரில் விற்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி.