வீட்டுச் செடிகள் தரும் பிராணவாயு எவ்வளவு?

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்தும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "படுக்கையறையில் ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் வைத்திருக்கிறோம். இனி மெஷின் ஓடும் நேரத்தைக் குறைக்கலாமா?" குறைக்கக் கூடாது என்பதே விடை. அதற்கான காரணத்தைக் கணக்கிட்டே அறியலாம்.

இந்த நம்பிக்கை பரவியதில் டெல்லித் தொழிலதிபர் கமல் மியாட்டில் 2009ஆம் ஆண்டு ஆற்றிய உரைக்குப் பங்குண்டு. ஒருவருக்குத் தோளுயர அரேகா பனை நான்கு வேண்டும் என்றார் அவர். நேரு பிளேஸில் உள்ள அவரது கட்டடத்தில் 300 பேருக்கு 1,200க்கும் மேற்பட்ட செடிகள் இருந்தன. ஆயினும், வெளிக்காற்றைக் கழுவி வடிகட்டும் அமைப்பும் அங்கு இயங்கியது. எனவே அங்குள்ள காற்றின் தூய்மையைச் செடிகளின் கணக்கில் மட்டும் எழுத இயலாது.

செடியின் திறனை அளக்க, அதைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கரியமில வாயு குறையும் வேகத்தைக் கருவியால் கணிப்பர். குறையும் அளவுக்கு ஏறத்தாழ ஈடாக ஆக்சிஜன் வெளிவரும். வீட்டினுள் உள்ள மங்கிய ஒளியில், ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பு மணிக்குச் சுமார் 100 மில்லிலிட்டர் ஆக்சிஜனே தரும். ஓய்வாக இருக்கும் மனிதருக்கோ நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர், அதாவது மணிக்கு 15 லிட்டர் தேவை. அதை ஈடுசெய்ய 150 சதுர மீட்டர் இலைப்பரப்பு வேண்டும். அதுவும் வெளிச்சம் உள்ள நேரத்தில் மட்டுமே.

ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தரும் என்பதும் சரியன்று. அது இரவில் கரியமில வாயுவை உள்வாங்கி அமிலமாகச் சேமிக்கிறது. ஆக்சிஜனை வெளியிடுவது பகல் வெளிச்சத்தில்தான். அதேபோல, இரவில் செடிகள் விடும் கரியமில வாயுவுக்கு அஞ்சவும் வேண்டாம். அருகில் உறங்கும் ஒருவர் விடும் அளவோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறைக்காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் எப்போதும் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் குறை அறையில் இல்லை. ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்க்கும் நுரையீரலில் உள்ளது. ஆகவேதான் செறிவூட்டப்பட்ட ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சை பொதுவாக நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• சன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு; இருவர் உறங்கும் மூடிய அறையில் அது 1,000ஐத் தாண்டும். மலையடிவாரத்தில் உள்ள நம் தேவதானப்பட்டியில் வெளிக்காற்றுக்குப் பஞ்சமில்லை. அருகில் குப்பையோ சருகோ எரியும்போது மட்டும் மூடி வையுங்கள்.

• விறகடுப்புப் புகை, கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி, பீடி, சிகரெட் ஆகியவற்றை நோயாளியிடமிருந்து விலக்குங்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்தருகே விளக்கோ நெருப்போ கூடாது.

• தொட்டி மண்ணில் ஈரம் தேங்கிப் பூஞ்சை படர்ந்தால், ஆஸ்துமா உள்ளவருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கும் தீங்கு நேரலாம். அத்தொட்டியை வெளியே வையுங்கள்.

• பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் அளவு, மருத்துவர் குறித்துக் கொடுத்ததற்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஆக்சிஜன் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

செடி வளர்ப்பது மனத்திற்கு இதம். அதைத் தாராளமாகத் தொடருங்கள். மெஷினை மட்டும் நிறுத்தாதீர்கள்.