புகை எந்தப் பக்கம் போகும்?

ராக்கெட் கிளம்பிய சில நிமிடங்களில் கண்ணுக்கு மறைந்துவிடும். ஏவுதளத்தில் எழும்பிய புகைமேகம் பின்தங்கிவிடும். அது எவ்வளவு உயரம் ஏறும், எந்த ஊர்ப் பக்கம் நகரும், தரையில் எவ்வளவு அமிலத்தை இறக்கும்? இவ்வளவையும் ராக்கெட்டுக்குத் தீ வைப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

1981 முதல் 2011 வரை புளோரிடாவிலிருந்து பறந்த ஸ்பேஸ் ஷட்டிலின் இரு பக்கமும் திட எரிபொருள் பூஸ்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சுமார் 500 டன் எரிபொருள். அமோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் செயற்கை ரப்பரோடு குழைத்து இறுகவைத்த கலவை அது. இரண்டு நிமிடத்தில் மொத்தமும் எரிந்து தீரும். வெளிவரும் புகையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குளோரைடு வாயு. அதைவிட அதிகம் அலுமினியம் ஆக்சைடு துகள்கள். ஓசையின் அதிர்வைத் தணிக்க ஏவுதளத்தில் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் கொட்டுவார்கள். அந்த நீர்த்துளிகளில் வாயு கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஏவுதளத்தை ஒட்டிய ஆழமற்ற உப்பங்கழியில் சிறு மீன்கள் செத்ததும் செடிகளின் இலைகள் கருகியதும் நாசாவின் ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கின்றன.

மேகம் நிற்கும் உயரம்

ஆலைப் புகைபோக்கி நாள் முழுதும் புகைவிடும். ராக்கெட்டோ பெரும் வெப்பத்தோடு ஒரே மூச்சில் கக்கிவிட்டுப் போகிறது. சூடான அந்த மேகம் மேலேறும்போது சுற்றியுள்ள காற்றை உள்ளிழுத்துக்கொண்டு பெருகும், குளிரும். தன் அடர்த்தியும் வெளிக்காற்றின் அடர்த்தியும் சமமாகிற இடத்தில் நின்றுவிடும். மார்ட்டன், டெய்லர், டர்னர் மூவரும் 1956-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த ஏற்றத்துக்குக் கணக்கு வகுத்துத் தந்தது.

அந்த உயரத்தைக் கண்டுபிடிக்க, ஏவுவதற்கு முன் வானிலை பலூன் பறக்கவிட்டு ஒவ்வொரு மட்டத்திலும் வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கிறார்கள். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று சில நாட்களில் ஓர் உயரத்தில் சூடாக இருக்கும். அந்த அடுக்கு மேகத்துக்கு மூடி போட்டுவிடும். கீழே அடைபட்ட அமிலம் அடர்த்தியாகத் தரைக்கு வரும்.

அமெரிக்க ஏவுதளங்களில் நெடுங்காலம் பயன்பட்ட 'ரீடம்' என்ற கணினி மாதிரி, காற்றுமண்டலத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடுக்கிலும் புகை நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மெலிந்து பரவுவதாக வைத்துக் கணக்கிடும். சில நிமிடங்களில் விடை கிடைக்கும். ஏவலாமா, தள்ளிவைக்கலாமா என்று முடிவெடுக்கிறவர்களுக்கு அந்த வேகம் தேவை.

சிக்கல் கடற்கரையில்தான். ஏவுதளங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. பகலில் தரையை ஒட்டிக் கடற்காற்று ஊரைப் பார்த்து வீசும்; அதற்கு மேலே காற்று கடலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். மேகம் நிற்கும் உயரத்தைச் சில நூறு மீட்டர் தப்பாகக் கணித்தால், கடலுக்குப் போகும் என்று நினைத்த புகை ஊருக்குள் வரும்.

வெடித்துவிட்டால்?

விபத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. 1997 ஜனவரி 17 அன்று கேப் கனாவரலில் டெல்டா-2 ராக்கெட் கிளம்பிய 13 விநாடிகளில் வெடித்தது. எரியும் திட எரிபொருள் துண்டுகள் தரையெங்கும் சிதறின. அப்போது புகைக்கு மூலம் ஓரிடத்தில் இல்லை. விழுந்த ஒவ்வொரு துண்டும் ஒரு மூலம். அதனால்தான் வெடித்தால் என்ன ஆகும் என்பதையும் ஏவுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கிறார்கள்.

உயரே ஸ்ட்ராட்டோஸ்பியரில் கதை வேறு. அங்கே கழுவிவிட மழை கிடையாது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளின் கரித்துகள்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும். அதைக் கணிக்க உலகளாவிய பருவநிலை மாதிரிகள் வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்கும் தேவைப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து பறக்கவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்று முக்கிய நிலைகளும் திட எரிபொருளில் இயங்குபவை. ஷட்டில் பூஸ்டரைவிடப் பலமடங்கு சிறியதுதான். ஆனால் வேதியியல் ஒன்றே. ராக்கெட் தெற்கே கடல்மேல் போகும் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புகை காற்றடிக்கும் பக்கம்தான் போகும். ஏவும் நாளில் அது எந்தப் பக்கம் என்ற கணிப்பு, சுற்றுவட்டார மீனவர்களுக்கும் பனைத் தொழிலாளர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.